பம்பின் அவசரம்

எண்ணெய்க் கிணற்றின் மேல் தலையாட்டிக்கொண்டிருந்த பம்புக்கு நிலைகொள்ளவில்லை. எண்ணெய் வராமல் போன பக்கத்துக் கிணற்றின் பம்பைப் போன வாரம்தான் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். தனக்கும் அந்தக் கதிதானா?

எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று, சற்றுத் தள்ளி இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். அது வந்தபாடில்லை.

"என்னப்பா தண்ணி, ஆடி அசைஞ்சு வர்றே?" என்று பம்பு தன் குழாய்க்குள் கத்தியது.

"பாறை முழுக்கப் பொடி ஓட்டைண்ணே. ஒவ்வொண்ணுலயும் எண்ணெய் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. கிளப்பிக் கூட்டிட்டு வரணுமில்ல?"

"சாக்குச் சொல்லாதே. நாளைக்குள்ள வந்தாகணும், ஆமா!"

பொழுதுக்கும் இதே நச்சரிப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தண்ணீர், அகலமான விரிசல் ஒன்றைக் கண்டதும் அதில் பிடித்தது ஓட்டம்.

மறுநாள் குழாய் நிறையப் பீறிட்டு வந்தது. பம்பு தலைகால் புரியாமல் ஆடியது. சூப்பர்வைசர் அதை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய விரல்கள் பளிச்சென்று தெரிந்தன. லாரிக்குப் போன் போட்டார்.

"எண்ணெய் எங்கேடா?" என்று பம்பு அலறியது.

"அதுக்கெல்லாம் ஏதுண்ணே நேரம்?" என்றது தண்ணீர், மூச்சு வாங்கியபடி. "நீங்க வரச் சொன்னது என்னைத்தானே?"