சுஜி கேட்ட கேள்விகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இரணியலில் தங்கபாயின் பக்கத்து வீட்டில் இருக்கும் சபிதா அக்கா சொன்னது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தங்கபாய்க்கு ஒரே மகன், ஜிபின். அமெரிக்காவில் வேலை. மருமகள் சுஜி இங்கே பி.இ. முடித்துவிட்டு அவனோடு போனவள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் அங்கே ஒன்றேகால் வருடத்தில் நர்சிங் பட்டமும் வாங்கிவிடலாமாம். சேர்ந்துவிட்டாள்.

"பி.இ. படிச்ச பொண்ணு எதுக்கு நர்சுக்கு படிக்கா?" என்று சர்ச்சில் கேட்டார்கள்.

"என்கிட்ட கேட்டா சேந்தா?" என்பாள் தங்கபாய்.

ஒரு நாள் காலையில் சபிதா அக்கா அங்கே இருந்தபோது சுஜியின் வீடியோ கால் வந்தது. போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தது அக்காதான்.

"மாமி, அந்த அசைன்மென்ட். தலையிலிருந்து கால் வரைக்கும் உங்க உடம்பப் பத்தி கேட்டு எழுதணும். ஆரம்பிக்கட்டா?"

"கேளு."

"தலைசுத்தல் உண்டா?"

"இல்ல."

"மூச்சு வாங்குமா?"

"இல்ல."

"வெளிக்குப் போறதுல கஷ்டம் ஏதும் உண்டா?"

தங்கபாய் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்ல."

"மாதவிலக்கு எப்ப நின்னுது மாமி?"

"ஏட்டி, உனக்க வாத்தியாரு இதையுமா எழுதச் சொன்னாரு?"

"எழுதலேன்னா மார்க் போயிரும் மாமி." சுஜியின் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, வீட்டுக்கு வந்தால் படிப்பு. "மார்புல கட்டி, வலி ஏதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதிக்கோ."

"அப்படி எழுத முடியாது மாமி. ஒவ்வொண்ணா கேக்கணும்."

கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'இல்ல'தான்.

போன் அணைந்ததும் தங்கபாய் ஆரம்பித்தாள். "இவ நர்சுக்கு படிக்காளா, போலீசுக்கு படிக்காளா?"

அந்த வாரம் மீன்காரி கூடையை இறக்கும் இடத்தில்கூட இதுதான் பேச்சு. "மாமியாரு வெளிக்குப் போறத அமெரிக்காவுல எழுதி வச்சிருக்காளாம்" என்று சிரித்தார்கள். தங்கபாயும் சேர்ந்து சிரித்தாள்.

சுஜி பாஸானாள். லைசென்ஸ் பரீட்சையும் எழுதினாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த சமயத்தில், இங்கே தங்கபாய் குளியலறையில் மயங்கி விழுந்தாள். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் கட்டி. நுரையீரல் வரைக்கும் பரவியிருந்தது.

"இது ரொம்ப நாளா இருக்கே. முதல்லயே வந்திருந்தா ஒரு ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"நர்சுக்கு படிச்சு என்ன பிரயோஜனம்? சொந்த மாமியாருக்கு உள்ள சீக்கு தெரியல" என்றார்கள் தெருவில் பாதிப் பேர்.

"அவ கேட்டாளே. மருமவகிட்ட வாயத் தொறந்து சொல்ல இவளுக்கு ரோஷம்" என்றார்கள் மீதிப் பேர்.

சபிதா அக்கா இரண்டாவது கூட்டம். அந்த 'இல்ல'யைத் தன் காதால் கேட்டவள்.

சுஜி வேலையில் சேராமல் விமானம் ஏறி வந்தாள். மாமியைக் குளிப்பாட்டினாள். கஞ்சி ஊட்டினாள். மார்பில் உடைந்த புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். ஒரு நாள் கட்டு மாற்றும்போது மெல்லக் கேட்டாள்.

"நான் அன்னைக்கு கேட்டேனே மாமி. அப்பவே இது இருந்துதா?"

தங்கபாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ஞாபகம் இல்ல மக்கா."

சுஜி பழைய துணியை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். அங்கே குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு பொய் சொல்லுதிய? அப்பவே இருந்துதுல்லா?"

"புளியங்கொட்ட அளவுக்கு இருந்துது."

"பின்ன ஏன் இல்லன்னு சொன்னிய? மருமவளப் பிடிக்காதுன்னா, கோவத்த உங்க உடம்பு மேலயா காட்டுகது?"

"பைய பேசு. அவளுக்குக் கேட்டிரும்."

தங்கபாய் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அவ முந்தின நாளே போன்ல சொல்லிட்டா, கேட்டியா. நல்ல ஆரோக்கியமான ஆளுட்ட கேட்டு எழுதணும், அதான் உங்கள எடுத்தேன் மாமின்னு. கட்டி உண்டுன்னு சொன்னா அந்தப் பிள்ள முதல்லேருந்து வேற ஆளத் தேடணும். ஒறக்கம் இல்லாம அவ மொகம் எப்படி இருந்துதுன்னு நீயும் பாத்தல்லா? படிப்பு முடியட்டும், பொறவு காட்டிக்கலாம்னு இருந்துட்டேன். அவகிட்ட சொல்லிராத."

போன மாதம் தங்கபாயை அடக்கம் செய்தார்கள். சபிதா அக்கா இதுவரை சுஜியிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சுஜி திரும்பிப் போகும் முன் போய்ப் பார்த்தேன். நானும் ஒரு டிகிரியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவள்தான். அதனால் அந்தப் படிப்பைப் பற்றி நான் விசாரித்தது அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக, அந்த அசைன்மென்டுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்றும் கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்ல. யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். சீக்கு உள்ளவங்கன்னா எழுதுகதுக்கு இன்னும் நெறைய இருக்கும்" என்றாள் சுஜி. "ஆரோக்கியமான ஆளு வேணும்னு மாமிட்ட நான் சும்மா சொன்னதாக்கும். கேட்டா சந்தோஷப்படுவாங்கல்லா."