ஒழுங்காக ஓடிய ஆறு

திரையில் அந்த நீர்மட்டக் கோடு வந்து நின்றதுமே தெசாங்காவுக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் எழுதிய பொய், நோவி சாத் நகரத்துப் பயிற்சி அறையில் சுவர் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமலா போகும்?

ஐந்து நாள் நீரியல் பயிற்சியில் அது நான்காவது நாள். மழை எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு, ஆற்றுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை புகட்டியதில், நாடெங்கும் இருந்து வந்திருந்த முப்பது பேரும் துவண்டு போயிருந்தார்கள். பாதிப் பேர் கன்னத்தில் கைவைத்தபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

"பிப்ரவரி மாசம். கரையோரம் உறைஞ்சு கிடக்கு," என்றார் பாடம் நடத்திய நெவெனா. "இந்தப் பத்துப் பன்னெண்டு நாளைப் பாருங்க. ரெண்டு சென்டிமீட்டர் இறங்குது, ஒண்ணு ஏறுது, மறுபடி ரெண்டு இறங்குது. எந்த ஆறாவது இப்படி சமர்த்தா நடக்குமா? யாரோ மகராசன் அளவுகோல் பக்கமே போகாம, வீட்டுல உட்கார்ந்து எழுதியிருக்கார்."

மூன்று நாளாக அவர் என்ன சொன்னாலும் சிரித்த பின்வரிசை, இதற்குச் சிரிக்கவில்லை. தூங்கியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஆத்தோட பேரு, வருஷம் எதுவும் நான் போடல. போய் காபி குடிச்சிட்டு வாங்க. வந்ததும் இது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றேன்."

தெசாங்கா ஓரக்கண்ணால் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அவளுடைய மேலதிகாரி விதோமிர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் ஒரே ஒரு நாள் அளவைப் பொய்யாக எழுதியதற்கு அலுவலக ஊழியர் ரதிவோயை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். "நான் இருக்கிற வரைக்கும் இந்த ஆபீஸ்ல பொய் அளவு ஏறாது" என்று அன்றைக்கு மேசையைத் தட்டிச் சொன்னார்.

ஒரு நாளுக்கே அந்தக் கதி. இவள் எழுதியது பதினொரு நாள். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம் இருக்கும்போது வேலை போனால், இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். விதோமிர் மட்டும் அசையவில்லை.

"காபி வாங்கிட்டு வரட்டுமா சார்? சாப்பிட பூரெக்கும் சூடா இருக்காம்."

"வேண்டாம். நீங்க போங்க, தெசாங்கா." அவள் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

போகிற மாதிரிப் போய்க் கதவருகே நின்றாள். விதோமிர் எழுந்து, கால் வலிக்காரர் மாதிரி மெல்ல நடந்து, நேராக நெவெனாவின் மேசைக்குப் போனார். குனிந்து ஏதோ சொன்னார். திரையைக் காட்டினார்.

தீர்ந்தது. கண்டுபிடித்துவிட்டார். அவர் வாயால் தன் பெயர் வருவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது தெசாங்காவுக்கு. நான்கு நாள் அலுப்பில், பொய்யைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூட உடம்பில் தெம்பில்லை.

"மேடம், நான்தான் அது," என்று மேசை முன்னால் போய் நின்றாள். "தீமோக் ஆறு. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். பதினோரு நாள் ஆத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. திரும்பி வந்து ஒரே மூச்சுல எல்லாத்தையும் எழுதிட்டேன். அந்த அளவை நம்பித்தான் ஊருக்குக் கரை கட்டினாங்க. மழை பெய்யிற ஒவ்வொரு நாளும் எனக்குத் திக்கு திக்குங்குது மேடம்."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. கூடவே, பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது.

விதோமிர் வாயைப் பிளந்தார். "என்ன உளர்றீங்க? தீமோக்கா?"

"நீங்க என்னைக் காப்பாத்த வேண்டாம் சார்."

"உங்களை யாரு காப்பாத்தினா? இது இபார் ஆறு, தெசாங்கா. தொண்ணூத்தாறாம் வருஷம். கல்யாணமான புதுசு. ரெண்டு வாரம் மாமனார் வீட்டுல தின்னுட்டுக் கிடந்தேன். அளவெல்லாம் அங்கேயே சாப்பாட்டு மேசையில எழுதினது. இவ்வளவு நேரம் அதைத்தான் மேடம்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

தெசாங்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருட மரியாதை அந்த ஒரு பார்வையில் காற்றாய்ப் போனது.

"அப்போ ரதிவோயை எந்த மூஞ்சியோட சார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

விதோமிர் கைக்குட்டையைத் தேடினார்.

நெவெனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் நான்கு நாளாக நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

"நாலு வருஷமா இந்தப் படத்தைக் காட்டுறேன்," என்றார். "ஒவ்வொரு தடவையும் காபி நேரத்துல யாராவது வந்து, இது என்னோடதுன்னு அழறாங்க. பாடத்துக்காக நானா கிறுக்கின கோடுங்க இது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படி ஒரு ஆறே கிடையாது."