காயாத தரை

"ஏங்க! செத்த வாங்களேன்... நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

அசீனாவின் குரல் கேட்டு சாகுல் ஹமீது வாசலுக்கு ஓடிவந்தார். ஹால் முழுக்கப் புதுச் சிவப்பு சிமெண்டுத் தரை, ஈரத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்கு அந்தப் பக்கம், உள்ளறைக் கதவைப் பிடித்தபடி அவர் மனைவி நின்றாள். நடுவில் பதினாறு அடி.

கொத்தனார் சங்கையா வாசலில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன கொத்தனாரே, உள்ள ஆளு இருக்கறதைப் பாக்காமலா பூசிக்கிட்டே வந்தீரு?"

"குனிஞ்சு தேய்க்கிறவனுக்கு என்ன பாய் தெரியும்? ரெண்டு நாளைக்குக் காலு படக்கூடாது. பட்டா அம்புட்டும் பாழ்."

"அங்கிட்டும் இங்கிட்டும் செங்கல்லை அடுக்கி, மேல ஒரு பலகை போட்டா?"

"வேண்டாங்க" என்றாள் அசீனா அவசரமாக. "பலகை சரிஞ்சா தடம் விழுந்துரும். ரெண்டு நாளுதானே, நான் கெடந்துக்கிறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டு வேலை ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படித்தான். புது பாத்ரூம் கதவு கட்டிலில் இடித்துப் பாதிதான் திறந்தது. ஹால் சுவிட்சைப் போட்டால் மாடிப்படி லைட் எரிந்தது. இப்போது பெண்டாட்டியையே உள்ளே வைத்துப் பூசியாயிற்று. அந்தப் பாத்ரூம் உள்ளறையோடு சேர்ந்திருந்ததும், சந்துப் பக்கம் ஒரு கம்பி ஜன்னல் இருந்ததும்தான் ஆறுதல்.

மத்தியானம் தளவாய்புரத்திலிருந்து அவர் அக்கா மாஜிதா வந்து இறங்கினாள். காலாண்டு லீவு. கூடவே நாலு பிள்ளைகள்.

"டேய் சாகுலு, பொண்டாட்டியை உள்ள வச்சுப் பூசிட்டியாமே!" என்று சிரித்தாள். அப்புறம், "எனக்கு முட்டிவலிடா, அடுப்படியில நிக்க முடியாது" என்று மொட்டை மாடியில் பாயை விரித்துவிட்டாள்.

அதோடு சாகுல் சிக்கினார். கொல்லைப்பக்க அடுப்படியில் பம்ப் ஸ்டவ் அவருக்கு மட்டும் எரிய மறுத்தது. சோறு கஞ்சியானது, ரசம் கரித்தது. அவர் பிள்ளைகள் இரண்டு, அக்கா பிள்ளைகள் நாலு.

"மாமா, தண்ணி சுடலை."

"அத்தா, என் சட்டை எங்க?"

"சாகுலு, காப்பி வருமா வராதா?"

கடைச் சாவி இடுப்பிலேயே கிடந்தது. தெருமுனை வரைகூடப் போக முடியவில்லை. மாட்டிக்கொண்டது அசீனாவா, தானா என்றே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

வேளாவேளைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சந்து வழியாக ஜன்னலுக்குப் போவார். அவள் கம்பிக்கு ஊடே வாங்கிக்கொள்வாள்.

"ரொம்ப அடைச்ச மாதிரி இருக்கா?"

"என்ன செய்ய, இருந்துதானே ஆகணும்." குரல் கம்மியிருக்கும். அவருக்குப் பாவமாக இருக்கும்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. டீ டம்ளரோடு சந்தில் திரும்பியவர் நின்றுவிட்டார். ஜன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு சங்கையா பேசிக்கொண்டிருந்தார்.

"தரை நேத்து மத்தியானமே இறுகிருச்சு தங்கச்சி. தாராளமா நடக்கலாம். பாய் கேட்டா என்ன சொல்ல?"

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்ண்ணே, நாம பேசி வச்சபடியே, இன்னும் காயலைன்னு சொல்லிருங்க. திங்கக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல பரீச்சை. பத்தாவதுல கணக்கு ஒண்ணுதான் எனக்குப் பாக்கி. வெளிய வந்தேன்னா புத்தகத்தைத் தொட விடமாட்டாக."

"பாய்கிட்ட நேராச் சொல்லிற வேண்டியதுதானே?"



"போன வருசம் சொன்னேன். சிரிச்சாக."

சாகுல் சுவரோரம் அப்படியே நின்றார். எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகமே வரவில்லை.

சத்தமில்லாமல் திரும்பி வாசலுக்கு வந்தார். மாஜிதா நிலைப்படியில் நின்று தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்ச மாதிரிதானடா இருக்கு? அவளை வரச் சொல்லு. இன்னைக்காவது வாய்க்கு ருசியா ஒரு மீன் கொழம்பு வைக்கட்டும்." சொல்லிக்கொண்டே காலைத் தூக்கினாள்.

சாகுல் குறுக்கே கையை நீட்டினார்.

"மிதிச்சிராதக்கா! திங்கக்கிழமை வரைக்கும் காயாதாம்."