சதுரப் பாதங்கள்

பேருந்து நிலையச் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததும் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். ‘ஒழுக்கம் கெட்ட எழிலரசி டீச்சரே, ஊரை விட்டுப் போ.’ பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றியது. ஆனால் அவளை உறைய வைத்தது அந்த எழுத்து. பழைய சர்க்கஸ் விளம்பரத்தில் வருவதுபோலத் தடித்து, சதுரப் பாதம் ஊன்றி, வயிற்றுக்குள் பூங்கொடி ஓடிய எழுத்து. ஆறு மாதமாக வீட்டுக் கணினியில் அவளே வரைந்துவரும் எழுத்துரு. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ழகரத்தின் வாலைப் போன ஞாயிறுதான் சுருட்டியிருந்தாள். சுவரிலும் அதே சுருள். அந்தக் கணினியைத் தொடுகிற இன்னொருவர் அவள் கணவன் அருள்தாஸ் மட்டும்தான். போன மாதம் டீச்சர் அவனைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே திரும்பியது நினைவுக்கு வந்தது.

“பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்தீங்களா?” என்று வீட்டில் கேட்டாள்.

“நான் அந்தப் பக்கமே போகலையே” என்றான். என்ன போஸ்டர் என்று கேட்கவில்லை.

மாலையில் டீச்சரே வந்தார். கையில் கிழித்தெடுத்த சுவரொட்டி.

“நீ எழுத்து வரையறவ. இது யாரோட எழுத்துன்னு தெரியுமா ஸ்டெல்லா?”

“அவளுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?” என்றபடி உள்ளேயிருந்து வந்தான் அருள்தாஸ்.

ஸ்டெல்லா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எழுத்து மட்டும்தான் என்னோடது டீச்சர். உள்ள வாங்க.”