ஸ்டாக்ஹோம் படிக்கட்டில் கைமுறுக்கு

காலிங்பெல் அலறுகிறது. "ஊர்கோலம் கெளம்பியாச்சா?" என்றபடி பக்கத்து வீட்டுப் பிரபாவதி ஈரக்கையோடு வந்து சோபாவில் உட்காருகிறாள். திலக் நகரின் அந்தச் சின்ன ஹாலில், டிவி நிறைய ஸ்டாக்ஹோம் பயணப் படங்கள். மாலை வெயில் பட்டு அரண்மனை வெளிறித் தெரிய, விஜயலட்சுமி எழுந்து திரைச்சீலையை இழுத்துவிடுகிறாள். "எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி கைடு! அங்க வேலை பாக்குற நம்ம பையன் ஏற்பாடு. நாலு நாளும் நடையோ நடைதான்," என்று அவள் கணவர் சிவகுருநாதன் ரிமோட்டை ஆட்டுகிறார். கல் பாவிய சந்துகள், மஞ்சள் சுவர்கள், தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். எல்லாப் படத்திலும் அந்த கைடு, ஒரு சிவப்புத் தாடிக்காரன், விஜயலட்சுமியின் முழங்கையைத் தாங்கி நிற்கிறான். மகன் ஒன்றில்கூட இல்லை. பிரபாவதி அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று விஜயலட்சுமி வளையலைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். அடுத்த படத்தில், அரண்மனைப் படிக்கட்டில் உட்கார்ந்து தாடிக்காரன் கைமுறுக்கைக் கடிக்கிறான். மடியில் முறுக்கு நிறைந்த எவர்சில்வர் சம்படம். பிரபாவதி நிமிர்கிறாள்.

"ஏ விஜி, ரெண்டு நாளா இடுப்பொடிய உக்காந்து ஒம் மகனுக்குன்னு நாம சுத்துனதுல்லா அது?"

ரிமோட் அப்படியே நிற்கிறது. விஜயலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எண்ணெ வாடை ஆகாதுன்னு அவன் தொடலக்கா. இவந்தான் கை நீட்டுனான்."