விசில் இல்லாத அடுப்பு

அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குக் காதலி கிளேரின் பெற்றோர் திருமாறனைப் பார்க்க வருகிறார்கள். பெண் பார்க்க வந்தால் பஜ்ஜி, சொஜ்ஜி. மாப்பிள்ளை பார்க்க வந்தால் முழு வான்கோழி. அதை ஒழுங்காக வேகவைக்கத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்பது அவள் அப்பாவின் கொள்கை. வான்கோழியோடு பரிமாற, சோள ரொட்டியை உதிர்த்து, வெங்காயம் வதக்கிக் கிளறியது உப்புமா மாதிரியே வந்துவிட்டதால் அதில் பயமில்லை. வான்கோழிதான் மூன்று மணி நேரமாக ஓவனுக்குள் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து மூடினான்.

"எத்தனை விசில்டா ஆச்சு?" என்றாள் அம்மா, போனில்.

"இதுக்கு விசிலே கிடையாதும்மா."

"அப்ப வெந்துச்சுன்னு யாருடா சொல்றது?"

அழைப்பு மணி அடித்தது. கிளேர் கதவைத் திறக்க ஓடினாள். திருமாறன் ஓவன் முன்னால் மண்டியிட்டு, உதட்டைக் குவித்து, நீளமாக ஒரு விசில் அடித்தான்.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் கிளேரின் அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். திருமாறன் அவரைப் பார்த்தான். பிறகு இரண்டாவதற்கு மூச்சை இழுத்தான்.