முப்பது நாள் பெல்ட்

ஈரோட்டு ஜவுளிக்கடை மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பத்து வருடமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவள் தில்லைநாயகி. தொடை எலும்பு பொருந்தும் இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் மூட்டு தேய்கிறது, எலும்பை வெட்டிக் கொஞ்சம் திருப்பி வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எங்கே வெட்டுவது என்று இயந்திரம் சொல்லும். அவள் எப்படி வாழ்கிறாள் என்று அது தெரிந்துகொள்ள, உட்காருவதையும் நடப்பதையும் பதிவு செய்யும் பெல்ட்டை முப்பது நாளைக்கு இடுப்பில் கட்டி அனுப்பினார்கள்.

இன்று திரையில், இயந்திரம் குறித்த மூன்று வெட்டுகளும் ஆபத்தில்லை என்று பச்சையாகத் தெரிந்தன. பக்கத்தில், இயந்திரம் வரைந்த அறுபது வயதுத் தில்லைநாயகி நொண்டாமல் நடந்துகொண்டிருந்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தரையில மட்டும் உட்கார முடியாது. பெல்ட்டுல பார்த்தா, நீங்கதான் தரையில உட்கார்றதே இல்லையே" என்றார் டாக்டரம்மா.

"ஐயோ, டெஸ்ட்டுன்னு சொன்னீங்களேங்க. கெட்ட பேரு வரக்கூடாதுன்னு கடைக்கு லீவு போட்டுட்டு, மாசம் பூராவும் நாற்காலியிலயே இருந்தனுங்க."

டாக்டரம்மா, தரையில் உட்காருவதையும் கணக்கில் சேர்க்கும்படி திரையில் மாற்றினார். மூன்றாவது வெட்டு சிவப்பானது.

"சம்மணம் வேணும்னா இப்படித்தான் வெட்டணும். நரம்புக்கு ரொம்பக் கிட்டப் போகுது, ஆபத்து."

"அந்த ஒரு மாசந்தானுங்க வலியே இல்லாம இருந்துச்சு" என்றாள் தில்லைநாயகி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"சரி, வழக்கமா எப்படி உட்காருவீங்களோ, அப்படி உட்காருங்க. பார்க்கலாம்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நின்றபடியே இருந்தாள்.